வாசலின் தடவிய வளையம்

தப்பு செய்தது நான். அடி வாங்கியது என் கொழுந்தன் வெர்லின். நடுவில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எனக்கு வாய் வரவில்லை.

வடக்கு மினசோட்டாவில் குழாய்கள் உறைந்து வெடிக்கும் குளிர் வரும்; அக்டோபர் முடிவதற்குள், படுக்கையும் கழிவறையும் உள்ள இழுவை வீடான ட்ரெய்லரைக் கொட்டகையில் மூடிவிட வேண்டும். குழாய்த் தண்ணீரை வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஓட்டி, கழிவறைக் கிண்ணத்திலும் ஒரு கோப்பை ஊற்றி வைப்போம். கிண்ணத்தின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் குளிர்காலம் முழுக்க ஈரமாகவே இருக்க வேண்டும். அது கெட்டால் திரவம் கசிந்து கீழே உள்ள கழிவுத்தொட்டிக்குப் போய்விடும், தொட்டியின் நாற்றம் மேலே ஏறிவிடும்.

போன அக்டோபரில் என் கணவர் ஆரின் வளையத்துக்கு சிலிகான் பசை தடவச் சொன்னார். ட்யூப் காலி. வீட்டிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்துப் போய் அப்பினேன். வாசலின் மாதிரி பெட்ரோலியப் பசை ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் மினியாபொலிஸ்காரி, எனக்குத் தெரியாது. ஆரினும் தம்பி வெர்லினும் பதின்மூன்று வருஷமாக என்னை 'பட்டணத்து மகாராணி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஏப்ரலில் வெர்லின் ட்ரெய்லரை எடுக்க வந்தான். அவன் வெல்டர். மனைவி அவனை வீட்டை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். பக்கத்து மாநிலத்து வில்லிஸ்டன் எண்ணெய் வயலில் திங்கட்கிழமை வேலை காத்திருந்தது. அங்கே வாடகைக்கு அறை கிடைக்காது. தங்க இடத்தோடு வருகிறவனுக்குத்தான் வேலை. அவர்கள் அப்பா இருவருக்கும் விட்டுப்போன அந்த ட்ரெய்லர்தான் இனி அவன் வீடு.

கதவைத் திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். கிண்ணத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான், நிற்காமல் கீழே ஓடியது. வளையத்தைப் பிடுங்கி எடுத்தான். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பிக் கிழிந்திருந்தது.

"ஆரின்! என்ன எழவுடா இது?"

"ஏன் கத்துற? ஒழுங்காத்தான் மூடி வச்சேன்."

"ஒழுங்காவா? வேணும்னே கெடுத்திருக்க. நான் இத எடுத்துட்டுப் போயிட்டா உன் மான் வேட்டைக்கு வண்டி இருக்காதே, அந்த வயித்தெரிச்சல்!"

"பொண்டாட்டி தொரத்திவிட்ட கோவத்த எங்கிட்ட காட்டாத."

வெர்லினின் முஷ்டி ஆரினின் வாயில் இறங்கியது. உதடு பிளந்து ரத்தம் தாடியில் வழிந்தது. பனி உருகிய சேற்றில் விழுந்தவரை விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான். ஆரின் அவன் காலைக் கவ்விப் பிடித்து இழுத்துச் சாய்த்து, முழங்கையால் மூக்கை உடைத்தார். இரண்டு பேரும் ஐம்பதை நெருங்குகிறவர்கள். நாய்கள்கூடக் கொஞ்சம் உறுமிப் பார்த்துவிட்டுத்தான் கடிக்கும்.

'நான்தான்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் சிரிப்பார்கள். 'மகாராணி ரப்பருக்கு முகப்பூச்சு போட்டாளாம்' என்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் வருஷா வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

வெர்லின் எழுந்து, ட்ரெய்லரின் கதவுச் சட்டத்தை வலது கையால் பிடித்து மூச்சு வாங்கினான். படியில் குழாய் முடுக்கும் கனத்த பைப் ரென்ச் கிடந்தது. ஆரின் அதை எடுத்தது எனக்குத் தெரிந்தது. ஓங்கி அந்தக் கைமேல் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. வெர்லின் அலறினான். ஆரின் நிறுத்தவில்லை, இன்னொரு முறை போட்டார்.

"நான்தான்! வாசலின் தடவுனது நான்தான்!"

ரென்ச் சேற்றில் விழுந்தது. ஆரின் குனிந்து வாந்தி எடுத்தார். வெர்லின் சறுக்கிக்கொண்டே படியில் உட்கார்ந்தான்.

"வாசலினா?" என்றான்.

"பசை தீந்து போச்சு. எனக்குத் தெரியல, வெர்லின்."

"இது கடையில தொங்குற ரப்பர், ட்வைலா. அரை மணி நேரத்துல மாத்திருப்பேன். முன்னாடியே சொல்லியிருந்தா உன்னக் கிண்டல் பண்ணிச் சிரிச்சிருப்போம். வேற என்ன பண்ணிருப்போம்?"

வெல்டிங் பிடிக்க வேண்டிய கையை மடிமேல் வைத்து, விரல்களை மடக்கிப் பார்த்தான். கட்டைவிரல் மட்டும் அசைந்தது.