பழக்கிய விரலும் பழக்காத விரலும்

முழங்காலில் டாக்டரம்மாவின் சின்னச் சுத்தி பட்டதுதான் தாமதம், கிரேன் ஓட்டுநரின் கால் எகிறி மேஜையை உதைத்தது.

"பாத்தீங்களா, குதிரை மாதிரி!" என்றார். தன் சரக்கைத் தானே மெச்சிக்கொள்வதில் கூச்சமே கிடையாது அவருக்கு.

"குதிரைக்கு நல்லது," என்றார் டாக்டரம்மா. "மனுஷனுக்கு ஆகாது. மூளை பிடிச்சிருக்கிற கடிவாளம் தளர்ந்தாத்தான் கால் இப்படித் துள்ளும்."

கதவோரம் நின்ற மச்சான் சிரித்தான். மனைவியின் தம்பி. இவர் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கும்போது, கீழே நின்று கொக்கி மாட்டுபவன் அவன்தான்.

டாக்டரம்மா சரி என்றால்தான் மறுபடி கூண்டேற முடியும். கூண்டுக்காவது ஜன்னல் உண்டு. இந்த அறையில் அதுவும் இல்லை. கதவை மச்சான் அடைத்துக்கொண்டு நின்றான்.

அடுத்தது உள்ளங்கால். முன்பு ஒரு டாக்டர் அங்கே கீறியபோது பெருவிரல் மேலே நிமிர்ந்தது, அந்த டாக்டரின் முகம் தொங்கிப்போனது. அன்றிலிருந்து ஓட்டுநர் வீட்டில் சாவியால் கீறிக் கீறி விரலைக் கீழே மடக்கப் பழகியிருந்தார். சொறி என்று நினைத்து மனைவி களிம்புகூட வாங்கித் தந்தாள்.

இப்போது கீறியதும் விரல் சமர்த்தாக மடங்கியது.

"மாமா, விரல் சலாம் போடுது!" என்றான் மச்சான்.

செல்லாத நோட்டைத் தள்ளிவிட்டவர் போல ஓட்டுநர் மூச்சுவிட்டார்.

"கையைக் குடுங்க. தளர்த்தியா விடுங்க."

கையா? அதை அவர் பழக்கவில்லையே. டாக்டரம்மா நடுவிரலின் நகத்தைக் கீழே அழுத்திச் சட்டென்று விட்டார். அதற்குச் சம்பந்தமே இல்லாத கட்டைவிரல் தானாக உள்ளே துடித்தது. மறுபடி செய்தார். மறுபடி துடித்தது. அடுத்த கையிலும் அதே கதை.

"கழுத்துக்கிட்ட தண்டுவடம் அழுந்துதுன்னு நினைக்கிறேன். ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் மேலே ஏறாதீங்க."

"ஒரு மாசம் விடுங்கம்மா. சரி, பதினஞ்சு நாள். சின்ன லோடு மட்டும்."

"நான் விலையே சொல்லலையே, நீங்க குறைக்கிறதுக்கு!"

ஓட்டுநர் மச்சான் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லுடா. என் கையில என்னிக்காவது லோடு ஆடியிருக்கா?"

மச்சான் அந்தக் கட்டைவிரலையே பார்த்தான். பிறகு மெதுவாக முகத்தைத் தூக்கித் தலைக்கு மேலே பார்த்தான். வெறும் கூரைதான். ஆனாலும் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான்.

கதவு இப்போது திறந்து கிடந்தது. ஓட்டுநர் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலை முஷ்டிக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"ஸ்கேன் எங்கேம்மா எடுக்கணும்?" என்றார்.