பேட்டரி அறைக் கதவு

அந்த மருத்துவமனையின் மின் பராமரிப்பு முழுக்க அவள் பொறுப்பு. கொழுந்தன் அங்கே வேலைக்குச் சேர்ந்து வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், துப்புரவுப் பணியாளர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கொழுந்தனுக்கும் ஒரு பெயர் விழுந்தது. கம்பளி. குளிர்காலம் தொடங்கிவிட்டால் அவனை ஸ்வெட்டர் இல்லாமல் பார்த்தவர் கிடையாது.

காலை எட்டு மணிக்கு அண்ணி பேட்டரி அறைக்கு வந்தபோது, கதவுக்கு வெளியே இருந்த வாயு மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தின நாள் நீண்ட மின்வெட்டு. காலியான பேட்டரிகளை விடிந்ததிலிருந்து வேகமாகச் சார்ஜ் செய்துகொண்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் அவை ஹைட்ரஜனைக் கக்கும். அதை வெளியே தள்ளத்தான் சுவரின் உச்சியில் ஒரு துளையும் விசிறியும் இருந்தன. வாயு உள்ளே தேங்கிவிட்டால் ஒரு பொறி போதும்.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். விசிறி ஓடவில்லை. துளையில் சாக்கு திணிக்கப்பட்டிருந்தது. காவலர் அறையில் இருக்க வேண்டிய மின் ஹீட்டர் நடு அறையில் நின்றது. அதை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் குறிப்பேட்டோடு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான் கம்பளி.

கதவுப்பிடிக்குப் போன அவள் கை பாதியில் நின்றது. ஹீட்டரின் சிறு விளக்கு அணைந்திருந்தது. அறை சூடானதும் தானே நின்றிருக்கிறது. கதவைத் திறந்து குளிர் உள்ளே பாய்ந்தால் 'டிக்' என்று தானே மறுபடி ஓடத் தொடங்கும். அந்த டிக்கில் ஒரு பொறி இருக்கிறது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஸ்விட்ச் பெட்டியோ தாழ்வாரத்தின் மறு கோடியில், இருபதடி தள்ளி.

அதற்குள் அவன் அவளைப் பார்த்துவிட்டான். துள்ளி எழுந்தான். கையும் களவுமாக மாட்டியவன் அடுத்து என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். திட்டு விழுவதற்குள் விசிறியைப் போடப் பார்ப்பான். அந்த ஸ்விட்ச் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தட்டினாலும் பொறிதான். அவள் கத்தினால் அவன் கை இன்னும் வேகமாகப் போகும். அப்படித்தான் அவனைப் பழக்கி வைத்திருந்தாள்.

"தம்பி," என்றாள் கதவோரமாக, வராத கனிவை வரவழைத்துக்கொண்டு. "உக்காருப்பா. ஒண்ணும் அவசரமில்ல."

அவன் முகம் வெளுத்தது. "அண்ணி! வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க, ராசா. விசிறி ஸ்விட்சத் தொடாத. எதையுமே தொடாத. உக்காரு."

"திட்டாதீங்க அண்ணி. நீங்கதானே காலையில போன்ல சொன்னீங்க, காத்து அடிக்காம பாத்துக்கன்னு? அதான் சாக்க வெச்சு அடைச்சேன்."

காத்து அடைக்காம பாத்துக்க என்றுதான் அவள் சொன்னாள். கொண்டை போட்டபடி, வாயில் ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு சொன்னாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"நல்லதுப்பா. குறிப்பேட்டுல எழுதினத சத்தமாப் படி. கேட்டுக்கிட்டே போறேன்."

ஓடினால் அவன் எழுந்து வருவான் என்று நடந்தாள். "ஒண்ணாம் பேட்டரி, ரெண்டாம் பேட்டரி" என்று பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் அவன் குரல் பின்னாலேயே வந்தது. ஏழாவதில் நின்றது.

"ஏன்பா நிறுத்திட்ட?"

"வேர்த்துக் கொட்டுது அண்ணி. ஸ்வெட்டரக் கழட்டிட்டுப் படிக்கிறேன்."

இந்த வறண்ட குளிரில் அதை உருவினால் படபடவென்று பொறி பறக்கும். விளக்கை அணைத்துவிட்டு அதைக் காட்டி அண்ணன் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பவனே அவன்தான்.

"கழட்டுனா கைய ஒடிப்பேன்டா கழுத!"

தாழ்வாரமே அதிர்ந்தது.

"சரி அண்ணி," என்றது குரல். "ஏழாம் பேட்டரி..."

மிச்ச தூரத்தை ஓடினாள். ஹீட்டருக்குப் போகும் இணைப்பைத் துண்டித்தாள். சார்ஜரை நிறுத்தினாள். திரும்பி ஓடி வந்து கதவை அகலத் திறந்து, அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். கட்டடத்தைச் சுற்றிப் போய், நீளக் கழியால் சாக்கை வெளிப்பக்கமிருந்து நெம்பித் தள்ளினாள். மீட்டரில் சிவப்பு அணையக் கால் மணி நேரம் ஆயிற்று.

என்ன நடந்திருக்கும் என்பதைக் கம்பளியிடம் சொன்னாள். இருவரும் தாழ்வாரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

"என் காதுதான் சரியில்ல அண்ணி," என்றான்.

"காது நல்லாத்தான் இருக்கு. சொன்ன வாய்தான் சரியில்ல."

வழக்கம்போல் அவன் காதைப் பிடித்துத் திருகக் கையை நீட்டினாள். பிடித்தாள். திருக வரவில்லை, விடவும் முடியவில்லை. புருஷனிடம் போய் என்னவென்று சொல்லியிருப்போம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காது அவள் பிடியில் இருந்ததால், அவன் தலையைச் சாய்த்தபடியே, அவள் அழுது முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான்.