ஓடை அடங்கிய பகல்

எழுபத்தெட்டு நவம்பரில், தாப்பா ஊருக்கு மேலே மலைக்காட்டுக்குள் இருந்த பலகைக் குடிலில் சன்னாசியும் இளையதம்பியும் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிப்பாதை முடிந்த இடத்திலிருந்து நாலு மணி நேரம் ஏற வேண்டும். மழைமானியைப் பழுதுபார்த்துவிட்டு ஒரு ராத்திரி தங்கித் திரும்புவதாகத்தான் வந்தது. இளையதம்பி நீர்ப்பாசன இலாகாவின் டெக்னீஷியன். ஓய்வுபெற நாலு மாதம் இருந்தது. சன்னாசி, இருந்த ரப்பர் தோட்டம் துண்டுதுண்டாக விற்கப்பட்ட பிறகு ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்து அதே இலாகாவில் கூலி வேலையில் சேர்ந்தவன், கருவிப்பெட்டி சுமப்பான்.

குடிலுக்கும் பாதைக்கும் நடுவே ஓடை. வந்த அன்று முழங்கால் அளவுதான். இப்போது பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தது. அரிசி தீர்ந்துவிட்டது. இளையதம்பிக்கு இருமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிவாக்கில் இரைச்சல் நின்றது.

மழை விடவில்லை. ஆனால் ஓடையில் தண்ணீர் வடிந்து, பாறை இடுக்கில் மீன்கள் துடித்தன. பச்சை மண்வாடை குப்பென்று அடித்தது. சன்னாசி ஓடை வரும் திசையையே பார்த்தான். இளையதம்பியோ, நல்ல காலம் என்று பையைத் தோளில் மாட்டினார்.

"சார், மழ விடல, தண்ணி மட்டும் எங்க போச்சு? எனக்கு நல்லதா படல. மேட்டுல ஏறிக்குவோம்."

பட்டினியோடு இன்னொரு நாள் கிடக்கத் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். கால் நனையாமலே கடந்து, அக்கரையில் நின்று கையசைத்துக் கூப்பிட்டார். பயந்தாங்கொள்ளி என்று நினைப்பாரே என்று சன்னாசிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தவர் திரும்ப இறங்கி வந்தார்.

"உம்மைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது? வந்து என்ரை கையைப் பிடியும்."

அவர் நடு ஓடைக்கு வந்தபோது மேலே லாரியில் கல் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. சன்னாசி வேர்களைப் பற்றி மேட்டில் ஏறினான். திரும்பிப் பார்க்கையில், மேலே சரிந்து ஓடையை அடைத்திருந்த மண் உடைந்து, மரங்களும் சேறுமாகப் போய்க்கொண்டிருந்தது. குடில் இருந்த இடமே தெரியவில்லை. தொண்டை கட்டும்வரை அவரைக் கூப்பிட்டுப் பார்த்தான்.

மறுநாள் பாதையே இல்லாத மலைமுதுகைப் பிடித்து நடந்து கீழே வந்து சேர்ந்தான். நாலு நாள் கழித்து ஆற்று வளைவில் உடல் கிடைத்தது. ஓடையைக் கடந்தவர் கருவிப்பெட்டியை எடுக்கத் திரும்பினார் என்று போலீசில் சொல்லியிருந்தான்.

ஈப்போவில் அவர் வீட்டுக்குப் போனபோது, மனைவி அன்னபாக்கியம் ஒன்றுதான் கேட்டாள்.

"கடந்திட்டார் எண்டு சொல்லீனம். பேந்து ஏன் திரும்பி வந்தவர்?"

சன்னாசியால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெட்டிக் கதையைச் சொல்ல முடியவில்லை.

"என்னக் கூப்புடத்தாம்மா. நான் பயந்து நின்னுட்டேன்."

அவள் உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. புந்தோங் பஸ் இரண்டு போன பிறகும் அவன் வாசலிலேயே நின்றிருந்தான்.