ஹாலில் எழுப்பிய ஆறாயிரம் யூரோ சுவர்

ருமேனியாவில் எங்கள் பிராய்லா ஊரில் அடுக்குமாடி வீடு இரண்டு வகை. ஒவ்வோர் அறைக்கும் நடைவழியிலிருந்து தனிக் கதவு இருந்தால் ‘முழுத்தனி’. ஏதாவது ஓர் அறைக்குப் போக ஹாலைக் கடந்தாக வேண்டுமென்றால் ‘அரைத்தனி’. செங்கல் அதே, குழாய் அதே, மேல்மாடிக்காரரின் குறட்டையும் அதே. விலையில் மட்டும் ஆறாயிரம் யூரோ வித்தியாசம்.

என் வீடு அரைத்தனி. முப்பத்தொரு வருடம் குடியிருந்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. விற்கக் கிளம்பிய பிறகுதான் அது ஒரு குறை என்றே தெரிந்தது.

விளம்பரத்தில் போடும் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பது எனக்குப் புதிதல்ல. மே மாதம் ஊர் எல்லையில் முற்றமும் திராட்சைப் பந்தலுமாக ஒரு வீடு பார்த்தேன். விற்பவர் ‘வில்லா’ என்று விளம்பரம் கொடுத்திருந்தார். “கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. இதுக்குப் பேரு வில்லாவா?” என்று வாசலிலேயே கேட்டேன். அவர் முகம் சிவந்தது, விலையில் மூவாயிரம் குறைந்தது. ஐயாயிரம் முன்பணம் கொடுத்தேன். செப்டம்பர் முப்பதுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணமும் போகும், பந்தலும் போகும். அதற்குள் என் வீட்டை விற்றாக வேண்டும்.

புரோக்கர் சம்ஃபிரா அம்மாள் அறுபத்தெட்டாயிரம் என்று விளம்பரம் போட்டாள். இரண்டு வாரம் ஒரு போன் இல்லை.

“அண்ணே, அரைத்தனின்னு படிச்சதும் அடுத்த வீட்டுக்குத் தள்ளிடறாங்க” என்றாள். “ஹாலுக்குள்ள ஒரு சுவர் வச்சு நடைவழி பிரிச்சிட்டா முழுத்தனி. எழுபத்தி நாலுன்னு போட்டுடறேன்.”

“சுவருக்கு எவ்வளவு ஆகும்?”

“ஜிப்சம் போர்டு அண்ணே. ரெண்டு நாள் வேலை. நாலாயிரத்து ஐநூறு லேய். ஆயிரம் யூரோகூட ஆகாது, ஆறாயிரம் வரும்.”

இந்தக் கணக்கில் எவன் தோற்பான்? சுவர் எழும்பியது. ஹாலில் ஒரு மீட்டர் காணாமல் போனது. சோபாவில் உட்கார்ந்தால் முழங்கால் டிவியில் இடித்தது. நடுவில் தொங்கிய கண்ணாடிச் சரவிளக்கு இப்போது யாரோ அதட்டி ஓரமாக நிற்க வைத்தது போல இருந்தது. அது என் மனைவி துடோரா பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்தது.

“இது வீடா, ரயில் பெட்டியா?” என்றாள் துடோரா.

“முழுத்தனி ரயில் பெட்டி” என்றேன்.

அன்றிரவு எனக்குச் சூப் கிடைக்கவில்லை.

பழைய விளம்பரத்தைச் சம்ஃபிரா எடுக்கவில்லை. “மாசக் கடைசி வரைக்கும் பணம் கட்டியிருக்கு, கிடக்கட்டும். ரெண்டு வீடுன்னு நினைச்சு ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. நம்மது உசத்தியாத் தெரியும்” என்றாள். அதுவும் எனக்கு அறிவான யோசனையாகத்தான் பட்டது.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இலிங்கா, சில்வியு. செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார்கள். துடோரா செர்ரி ஜாமும் குளிர்ந்த தண்ணீரும் வைத்தாள். இலிங்கா ஒவ்வோர் அறையாகப் போனாள். புதுச் சுவரை விரலால் இரண்டு தட்டு தட்டினாள். அது டப்பா மாதிரி சத்தம் போட்டது.

“வீடு நல்லாத்தான் இருக்குங்க ஐயா” என்றாள். “ஆனா எங்களுக்கு இன்னொரு வீடு மனசுல நிக்குது. இதே தெரு, இதே மூணாவது மாடி. அரைத்தனிதான். போட்டோவுல பார்த்தோம். அப்பப்பா, அதுதான் ஹால்! எவ்வளவு விசாலம்! விலையும் ஆறாயிரம் கம்மி.”

துடோரா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“அந்த வீடா?” என்றேன். “அதை எனக்குத் தெரியும். வேண்டாம்மா.”

“ஏங்க ஐயா?”

“அரைத்தனிம்மா அது! ஹால்ல விருந்தாளி உட்கார்ந்திருப்பான், நீ குளிச்சிட்டுத் துண்டோட அவன் முன்னாடி நடந்து போகணும். என் மச்சான் ஒரு ஈஸ்டர் முழுக்க அப்படித்தான்…” சட்டென்று நிறுத்தினேன். “யாரோட மச்சானோ.”

“அவ்வளவுதானா? நாங்க யாரையும் கூப்பிடறதே இல்லை” என்றான் சில்வியு, போனில் எதையோ தட்டிக்கொண்டு.

அவன் அசையவில்லை என்றதும் எனக்கு வேகம் பிடித்தது. வாங்கப் போன வீட்டைக் குறை சொல்லிப் பழகிய நாக்கு, சும்மா இருக்குமா?

“அந்தப் படுக்கையறை வடக்குப் பார்த்தது தம்பி. ஜனவரியில கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடிக்கும். மழைக்கு முன்னாடி குளியலறைச் சாக்கடை நாறும், வானிலை அறிக்கையே வேண்டாம். பின்பக்கம் டிராம். காலைல அஞ்சு மணிக்கு முதல் வண்டி, அலமாரியில கோப்பையெல்லாம் ஆடும்.”

“யோவ்” என்றாள் துடோரா மெதுவாக.

“நீ சும்மா இரு. பால்கனிக் கதவு வீங்கிப் போச்சு, நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் திறக்காது. மேல்மாடிக்காரர் குறட்டை குழாய் வழியா இறங்கி வரும். சமையலறைத் தரை டைலுக்குக் கீழே ஒரு ஒழுக்கு இருக்கு, இருபது வருஷமா எங்கேன்னு கண்டுபிடிக்க முடியல.”

“ரொம்ப விவரமாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே” என்றாள் இலிங்கா.

“நண்பன் வீடு. அடிக்கடி போவேன்.”

“இருக்கட்டுங்க ஐயா. அந்த ஹாலுக்காக இதெல்லாம் பொறுத்துக்கலாம்.” அவள் எழுந்தாள். “வாங்க சில்வியு, புரோக்கருக்குப் போன் பண்ணி அதையே பேசிடலாம்.”

இருவரும் செருப்பை மாட்டத் தொடங்கினார்கள். இன்னும் பதினோரு நாள். திராட்சைப் பந்தல் என் கண்முன்னே இலை உதிர்த்தது. துடோரா என் விலாவில் முழங்கையால் இடித்தாள். “சொல்லுய்யா. இல்லேன்னா நான் சொல்றேன்.”

“அம்மா, நில்லுங்க” என்றேன். “அந்த வீடும் என்னோடதுதான்.”

“ஓ, ரெண்டு வீடா உங்களுக்கு?”

“இல்ல. ஒண்ணுதான்.” சுவரைக் காட்டினேன். “இதை எடுத்துட்டா அது.”

நான் எதிர்பார்த்த அதிர்ச்சி அவள் முகத்தில் வரவேயில்லை. மேலே சரவிளக்கைப் பார்த்தாள்.

“தெரியுங்க ஐயா. போட்டோவுல இதே விளக்கு, இதே மாதிரி ஒரு கண்ணாடித் துண்டு உடைஞ்சது. அதுல நடுவுல தொங்குச்சு, இங்க ஓரமாத் தொங்குது. விளக்கு நடக்குமா? உள்ளே வந்ததுமே தெரிஞ்சு போச்சு.”

“அப்புறம் ஏம்மா இவ்வளவு நேரம்…”

“விக்கிறவங்க வாயால வீட்டைப் பத்தி உண்மை கேட்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?” அவள் திரும்பினாள். “எத்தனை வந்துச்சு சில்வியு?”

“ஏழு” என்றான் அவன் போனைப் பார்த்து. “துண்டு, பனி, சாக்கடை, டிராம், பால்கனிக் கதவு, குறட்டை, ஒழுக்கு.”

“தலைக்கு ஐநூறு வச்சாலும் மூவாயிரத்து ஐநூறு. அறுபத்தெட்டுல கழிச்சா அறுபத்தி நாலாயிரத்து ஐநூறு.”

“குறட்டைக்குமா ஐநூறு?” என்று கத்தினேன். “அது அவரோட குறட்டை!”

“நீங்கதானேங்க ஐயா பட்டியல்ல சேர்த்தீங்க.”

“இன்னொண்ணு” என்றான் சில்வியு. “எங்களுக்கு வங்கிக் கடன். பதிவு வரைபடத்துல இல்லாத சுவரைப் பார்த்தா மதிப்பீட்டுக்கு வர்றவர் அப்படியே திரும்பிடுவார். வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க. உங்க செலவுல.”

துடோராவை உதவிக்குப் பார்த்தேன். அவள் இலிங்காவின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஜாம் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் சொன்ன விலைக்கே கையெழுத்தாயிற்று. இருபத்தெட்டாம் தேதி அந்த ‘வில்லா’க்காரரிடம் மீதியைக் கட்டினேன். குறைந்த பணத்தை ஈடுகட்டப் பழைய காரை விற்றேன். இனி முற்றத்தைக் கடந்து கக்கூஸுக்கும், ஊரைக் கடந்து சந்தைக்கும் நடைதான். சம்ஃபிரா தன் கமிஷனை ஒரு சதம் குறைக்காமல் வாங்கிக்கொண்டு, “பார்த்தீங்களா அண்ணே, ரெண்டு விளம்பரம் போட்டதாலதான் வித்துச்சு” என்றாள்.

சுவரை நானே பிரித்தேன். கழற்றிய போர்டுகளை விற்கலாம் என்று விளம்பரம் போட்டேன். ‘கிட்டத்தட்டப் புதியது, பத்தே நாள் நின்றது’ என்று எழுதினேன். மறுநாளே ஒருவன் வந்தான். போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பெரியவரே, ஸ்குரூ ஓட்டை நிறைய இருக்குமோ?”

வாயைத் திறந்தேன். அதற்குள் துடோராவின் கை என் வாயைப் பொத்திவிட்டது.

“நீங்களே எண்ணிக்கோங்க தம்பி” என்றாள் அவனிடம். “இவர் பேச மாட்டார். இவர் பேசினா விலை இறங்கும்.”