பதினேழாவது வரிசை

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திருடுவதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன்.

பரிசுப் பொருள் சுற்றுகிற தாள் அச்சடிக்கும் கம்பெனியில் எனக்கு டிசைன் போடும் வேலை. பதினோரு வருஷமாகப் பூவும் பலூனுமாக வரைந்து தள்ளியிருக்கிறேன். ஒருநாள் முதலாளியம்மா என் பூக்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு வாரத்தில் புதுசாக ஏதும் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் என் அக்கா இருந்தாள். அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டதால் ஆறு மாதமாக எங்களோடு. என் மனைவி முகம் சுளித்ததில்லை. ஆனாலும் தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அக்காவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மத்தியானங்களில் என் மகளின் பழைய கணக்கு நோட்டில் கட்டத்துக்கு ஒரு சாய்ந்த கோடு போட்டுக்கொண்டிருப்பாள். முதல் வரிசையிலும் இடது ஓரத்திலும் எல்லாக் கோடும் இடப்பக்கம் சாயும். மற்றக் கட்டங்களுக்கு, மேலே உள்ள கோடும் இடது பக்கத்தில் உள்ள கோடும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் வலப்பக்கம், ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தால் இடப்பக்கம். அவ்வளவுதான் விதி. போட்டுக்கொண்டே போனால் தாள் முழுக்கச் சின்னதும் பெரியதுமாக முக்கோணங்கள் தானாக விளையும். உனக்கு வேற வேலையே இல்லையா என்று எத்தனை முறை கிண்டலடித்திருப்பேன். வேலை போனவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்த விதியை ஆபீசில் பெரிய தாளில் போட்டேன். முதலாளியம்மா அசந்துபோனார். எப்படி வந்தது இந்த யோசனை என்றார். சும்மா தோன்றியது என்றேன், நாக்கூசாமல். டிசைன் அச்சாகிக் கடை கடையாகப் போனது. என்னை டிசைன் பிரிவுக்குத் தலைவனாக்கினார்கள். அக்காவிடம் ஒரு தாளைக்கூடக் காட்டவில்லை.

பிறகு டிசைனுக்கு இன்னொரு ஆள் தேவை என்று கம்பெனி வாசலில் போர்டு வைத்தார்கள். வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. பஸ்ஸில் போகும்போது அக்காவே அதைப் பார்த்திருக்கிறாள். தம்பி சிபாரிசில் வந்தவள் என்று பெயர் வேண்டாமென்று எனக்கும் சொல்லாமல், நோட்டிலிருந்து நல்ல தாளாக ஒன்றைக் கிழித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட உடையில் வந்து நின்றாள். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் உள்ளே நுழைந்ததும் அக்காவுக்கு முகமெல்லாம் பெருமை. என் தம்பிதான் என்று சொல்லிவிட்டுத் தாளை நீட்டினாள்.

முதலாளியம்மாவின் முகம் மாறியது. அச்சான தாளை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தார். பதினாறு வரிசை வரை இரண்டும் ஒன்று. பதினேழாவதில் ஒரு கட்டம் வேறு. ஒன்று பிசகினால் அதற்குக் கீழே வருகிறதும் பிசகிக்கொண்டே போகும். அன்றைக்கு ஆபீசில் போனில் பேசிக்கொண்டே பெரிய தாளில் கோடு போட்டவன் நான்.

"தம்பி டிசைனையே காப்பி அடிச்சிருக்கீங்களேம்மா. அதையும் ஒழுங்கா அடிக்கல. பாருங்க, இங்கிருந்து எல்லாம் தப்பு."

அக்கா அச்சான தாளின் மேல் குனிந்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாக இறங்கினாள். பதினேழில் விரல் நின்றது. அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லித் தொலைடா என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொன்னால் என் வேலை போகும். நான் தரையைப் பார்த்தேன். அப்படி ஒரு வெட்கம் என் ஆயுசில் பட்டதில்லை.

"ஆமாங்க," என்றாள் அக்கா. "தம்பி சரியாத்தான் சொல்லிக் குடுத்தான். நான்தான் தப்பா போட்டுட்டேன்."

முதலாளியம்மா தாளைத் திருப்பிக் கொடுத்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அக்கா அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் வாசல் வரை அவள் பின்னால் நடந்தேன்.

"உள்ள போடா. தேடப் போறாங்க," என்றாள்.

போனேன்.