காதால் படித்த எழுத்துகள்

தையல்காரிக்குக் கரப்பான்பூச்சி பயம் இல்லை, கறாரான வாடிக்கையாளர் பயமும் இல்லை. கண்ணில் போடும் ஊசி என்றால் மட்டும் குலை நடுங்கும். இடது கண் எப்போதோ கைவிட்டுவிட்டது. வலது கண்ணின் விழித்திரையில் நீர் கோத்துக்கொண்டதால் மாதம் ஓர் ஊசி என்று பத்தொன்பது முறை போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அழுதாள்.

அதனால்தான் கண் ஆஸ்பத்திரியில் நடந்த புது மருந்து ஆராய்ச்சிக்குச் சம்மதித்தாள். மரபணு மருந்தை ஒரே ஒரு தடவை கண்ணுக்குள்ளே வைத்துவிட்டால், கண்ணே தனக்கு வேண்டிய மருந்தைச் சுரந்துகொள்ளுமாம். மாதாமாதம் வந்து பலகையில் உள்ள எழுத்துகளைப் படித்துக் காட்ட வேண்டும். ஸ்கேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பார்வை இறங்கினால் பழையபடி ஊசி.

ஆறு மாதம் ராஜபோகம். அப்புறம் ஒருநாள், நேராகத் தைத்த தையல் நெளிந்து தெரிந்தது. மறுபடி ஊசி என்பார்களே என்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

“அம்மா, இடது கையை வலது பக்கம் தச்சிருக்கியே!” என்று மகள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“இந்த டியூப்லைட் சரியில்லடி” என்று பழியை விளக்கின்மேல் போட்டுவிட்டாள்.

அந்த மாதம் பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, உள்ளே ஒருவர் உரக்கப் படிப்பது காதில் விழுந்தது. அடுத்தவரும் அதையே படித்தார். அதற்கடுத்தவரும் அதையே. நான்காவதாக இவள் போய்க் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். சந்தேகம் வரக் கூடாதென்று கடைசி வரியில் இரண்டு எழுத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள். என்ன சாமர்த்தியம், பாருங்கள்! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பலகையும் மாறவில்லை, மகராசியின் புளுகு மூன்று மாதம் ஓடியது.

“உங்க கண்ணு மாதிரி யாருக்கும் வேலை செய்யலக்கா” என்று பார்வை சோதிக்கும் பெண் போன தடவை பூரித்துப்போனாள்.

இன்றைக்கு நாற்காலியைத் தடவிப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். எதிரே வெளிச்சம் தெரிந்தது. அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கறை. எங்கே பார்த்தாலும் அந்தக் கறை கூடவே வந்தது. சோதிக்கும் பெண் ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முந்திக்கொள்வது நல்லது என்று இவள் ஆரம்பித்தாள்.

“இசட், ஆர், கே, டி, சி...”

மூன்று வரியை ஒரே மூச்சில் முடித்தாள்.

“ஏம்மா, சரிதானே?”

“அக்கா...” அந்தப் பெண் காகிதத்தைக் கீழே வைத்தாள். “நான் இன்னும் பலகையே மாட்டலக்கா. வெறும் லைட்டுதான் எரியுது.”

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எத்தனை நாளா இப்படி?”

“மூணு மாசமா, டாக்டர்.”

“அப்பவே சொல்லியிருந்தா ஊசியிலேயே நீர் வத்தியிருக்கும்மா. இப்போ தழும்பு விழுந்திருக்கு.”

அவள் சுவரைத் தடவிக்கொண்டு போய், யாரும் சொல்லாமலே ஊசி போடும் மேசையில் ஏறிப் படுத்தாள்.

“போடுங்க, டாக்டர். இப்பவே போடுங்க. வாராவாரம்கூட வரேன், அழ மாட்டேன்.”

டாக்டர் ஊசியை எடுக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘இனிமேல் போட்டுப் பிரயோஜனம் இல்லை’ என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது.