காஜா பெராங்கில் கதவடைத்த மாலை

நான் அடிக்க அடிக்கத் தெருவில் கதவுகள் மூடிக்கொண்டே போயின. ஒரு வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்த வீட்டில் ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினார்கள். யாரோ கோழிகளைக்கூட உள்ளே விரட்டினார்கள். சத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தேன்.

காவல்காரரின் குடிசையில் தொங்கிய மரக்கட்டை அது. உள்ளே குடைந்து வெறுங்கூடாக்கி வைத்திருந்தார்கள். தடி பக்கத்திலேயே இருந்தது. காவல்காரர் எங்கோ போயிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை.

என் தம்பி அமீனைக் காணவில்லை. அவனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூட விடுமுறைக்கு உம்மாவோடு நாகூரிலிருந்து கப்பலேறி மலாக்காவுக்கு வந்திருக்கிறோம். ஷரீஃபுதீன் மாமாவுக்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் துணிக்கடை. வீடு இங்கே, காஜா பெராங்கில். சாயங்காலம் அமீனை ஐஸ் வண்டிக்குக் கூட்டிப் போனேன். வண்டிக்காரச் சீனர் ஐஸ் சீவுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் பக்கத்தில் அவன் இல்லை. வண்டியைச் சுற்றி வந்தேன், சந்துக்குள் ஓடினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். அதன் பிறகுதான் அந்தக் கட்டை கண்ணில் பட்டது.

எங்கள் ஊரில் பிள்ளை காணாமல் போனால் தமுக்கடிப்பார்கள். தர்கா கந்தூரிக் கூட்டத்தில் வருஷா வருஷம் நடப்பதுதான். சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். என்ன நிறச் சட்டை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். தெருவே தேட ஆரம்பித்துவிடும். அதை நினைத்துத்தான் அடித்தேன்.

இங்கே ஒருவரும் வரவில்லை. தடியைப் போட்டுவிட்டுக் கதவு கதவாகத் தட்டினேன். மூன்றாவது வீட்டு நிலையில் மாவிலை கட்டியிருந்தது. தமிழ் வீடு என்று நினைத்தேன்.

"அக்கா, தம்பியக் காணோம். கதவத் தொறங்க. அமீன், அமீனு."

உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். சைக்கிளை நிறுத்தவில்லை, கீழே போட்டார்.

"ஜபரு, கட்டைய யாருடா அடிச்சது?"

"நாந்தான் மாமா. அமீனக் காணோம். சனங்க வரட்டும்னு அடிச்சேன்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"இங்க அத அடிச்சா யாரும் வர மாட்டாங்கடா. ஒருத்தன் கத்தியத் தூக்கிக்கிட்டுக் கண்ணுல பட்டவங்கள எல்லாம் வெட்டிக்கிட்டு வர்றான்னு அர்த்தம். ஆமோக். புள்ளைங்கள உள்ள போட்டுக் கதவச் சாத்துன்னுதான் அத அடிப்பாங்க."

"அப்ப அமீனு?"

"வீட்டுக்குள்ள இருந்தா சரி. தெருவுல நின்னு தட்டுனா அவனுக்கும் தொறக்க மாட்டாங்க."

"நீங்க சொல்லுங்க மாமா. மலாயில சத்தமா சொல்லுங்க."

"ஆமோக்காரனும் மலாய்தான் பேசுவான். என்னைய எப்படி நம்புவாங்க? ஆபத்து நீங்கிடுச்சுன்னு காவல்காரர்தான் மறுபடி அடிக்கணும்."

காவல்காரர் கையில் அரிவாளோடு, சுவர் ஓரமாகவே நடந்து வந்தார். மாமா மலாயில் விளக்கினார். கிழவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"என்ன மாமா சொல்றாரு?"

"இந்தியாவுலேர்ந்து வந்த ஆமோக்குக்கு இன்னும் மீசைகூட மொளைக்கலயேங்கறாரு."

அப்படியும் அவர் உடனே அடிக்கவில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போய், சாக்கடைப் பாலத்துக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த நேரம் முழுக்க நான் அமீன் எந்தக் கதவுக்கு வெளியே நிற்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு கிழவர் தடியை எடுத்து விட்டு விட்டு மெதுவாக அடித்தார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மாவிலை கட்டிய வீடும் திறந்தது. சாரோங் உடுத்து, நெற்றியில் பொட்டு வைத்த ஒரு பெண் கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். அவள் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு அமீன் நின்றான்.

அவள் பெயர் பாக்கியம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த மலாக்காச் செட்டிகளாம். சாமி நம்மூர்ச் சாமி, பேச்சு மலாய். தமிழ் தெரியாது. அவள் சொன்னதை மாமா எனக்குச் சொன்னார். சாக்கடை ஓரத்தில் அழுதுகொண்டு நின்றவனை அவள்தான் கூட்டிப்போய்ப் பலகாரம் கொடுத்திருக்கிறாள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெருவில் விசாரிக்க அவனைக் கூட்டிக்கொண்டு வாசற்படி இறங்கியபோதுதான் கட்டைச் சத்தம் கேட்டிருக்கிறது. உடனே திரும்பி உள்ளே ஓடிவிட்டாள்.

நான் அடிக்காமல் இருந்திருந்தால் அப்போதே கிடைத்திருப்பான். மாமா அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்து நிமிர்த்தினார்.

உம்மா அமீனைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினார்கள். இப்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எனக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம் காதிலேயே இருக்கிறது. கண்ணை மூடினால் கதவுதான் தெரிகிறது. இதை எழுதத்தான் விளக்கைத் தணித்து வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கொசுவலைக்குள்ளிருந்து அமீன் கூப்பிட்டான். அண்ணனை அவன் நானா என்றுதான் சொல்வான்.

"நானா, நீ தட்டுனது எனக்குக் கேட்டுச்சு."

"பின்ன ஏன்டா சத்தம் குடுக்கல?"

"அரிசிப் பானைக்குப் பின்னால உக்காந்திருந்தோம். வாயப் பொத்திட்டாங்க. அது எங்க நானான்னு சொல்லப் பாத்தேன். அவங்களுக்குப் புரியல."

"அவங்களும் பயந்திருப்பாங்கடா."

"ஆமா. பாப்பாவ மடியில படுக்க வச்சிருந்தாங்க. நீ வெளிய ரொம்ப அழுத, நானா."

"சரி, தூங்கு."

அவன் தூங்கவில்லை. வலையை விலக்கி என்னைப் பார்த்தான்.

"நானா, நீ உள்ள இருக்க. பாப்பா ஒன் மடியில இருக்கு. வெளிய யாரோ தெரியாதவங்க அப்படி அழுவுறாங்க. நீ தொறப்பியா?"